அடுக்கிய பின் ஆணையிடுக

கணிப்பொறிக்கு ஆணைத்தொடர் எழுதப் பழகும் மாணவருக்கு முதற்பாடமாக அமைய வேண்டுவது யாது? ஒரு பட்டியலின் உறுப்புகளைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கும் சுழற்சி முறையே பல வகுப்புகளில் முதலிற் கற்பிக்கப்படுகிறது. அம்முறை தேவையானதே. ஆயினும், அதற்கு முன்னரே தகவல்களை அடுக்கும் முறையைக் கற்பித்தல் சாலச் சிறந்ததாகும்.

ஒரு லட்சம் பெயர்கள் ஒழுங்கின்றிக் குவிந்து கிடப்பின், அவற்றுள் ஒன்றைக் கண்டறிய ஒரு லட்சம் ஒப்பீடுகள் வரை தேவைப்படலாம். அவையே அகர வரிசையில் இருப்பின், நடுவிலுள்ள பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சியதை மீண்டும் இரண்டாக்கிக்கொண்டே செல்லலாம். 17 ஒப்பீடுகளுக்குள் விடை கிட்டிவிடும். இது இயந்திரத்தின் விரைவால் விளைந்ததன்று. அடுக்கின் பயனே ஆகும்.

இவ்வுண்மையை நூலகத் துறையில் நிலைநாட்டியவர், 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது, படிப்பவரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பதாகும். 1933-ல் வெளிவந்த அவரது கோலன் பகுப்புமுறை, ஒரு நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் குறியீடு தந்து கோப்பதாகும். 1962-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் சார்பில் அவர் பெங்களூரில் தோற்றுவித்த ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் இன்றும் இயங்கி வருகிறது. கணிப்பொறித் தொழிலுக்குப் பெயர்பெற்ற அந்நகரின் மாணவர்கள் இப்பாடத்தைத் தொலைவில் தேட வேண்டியதில்லை.

அடுக்கும் ஆணைகள் கணிப்பொறி மொழிகளிலேயே ஆயத்தமாக உள்ளனவே, மாணவர் அதுபற்றி ஏன் கவலையுற வேண்டும் என்று சிலர் வினவலாம். இயந்திரம் அடுக்கித் தரும். எதைக் கொண்டு அடுக்குவது என்பதை அது அறியாது. ரங்கநாதனின் பெயரே இதற்குச் சான்று. ‘எஸ்’ என்பது சீயாழி என்னும் ஊரையும், ‘ஆர்’ என்பது தந்தையார் ராமாமிருதத்தையும் குறிப்பன. எழுதியவாறே அடுக்கினால் அவர் எகரத்திற் சென்று மறைவார்; ரகரத்திற் தேடுவோர் அவரைக் காணார். எண்களை எழுத்துகளாகக் கொண்டு அடுக்கினால் 20-க்கு முன் 100 வந்து நிற்கும். நாளை முதலில் எழுதும் தேதிகளும் அவ்வாறே குழம்பும்: 2-1-2024-க்கு முன் 1-2-2024 வந்துவிடும். இயந்திரம் இவற்றைப் பிழையெனச் சுட்டுவதில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் வேறோரிடத்தில் பின்னும் எழுதப்படின், ஒரு நோயாளி இருவராகிவிடுவார். முன்னர் ஒவ்வாத மருந்து பற்றிய குறிப்பு மருத்துவர் கண்ணிற் படாமலே போகக்கூடும்.

எக்காலும் அடுக்கியே தீர வேண்டும் என்பதன்று. ஒரேயொரு முறை தேடுவதற்காக முழுப்பட்டியலையும் அடுக்குவது வீண் உழைப்பு. நோயாளி எண் போன்ற ஒரே அடையாளத்தைக் கொண்டு அடிக்கடி தேடுவதாயின், அவ்வடையாளத்தின் வழியே நேராகப் பதிவை எட்டும் அகராதி அமைப்பு ஏற்றது. எது எங்குப் பொருந்தும் என்று தேர்ந்தறிவதே கல்வி.

ஆகவே, முதல் வகுப்பில் கணிப்பொறியை இயக்குமுன், 50 நூற்பட்டியல் அட்டைகளை மாணவர் கையில் தருதல் நலம். ஆசிரியர் பெயராலும், ஆண்டாலும், பொருளாலும் அவர்கள் அவற்றை அடுக்கட்டும்; தொகுதிகளாகப் பிரித்து எண்ணட்டும். தாம் செய்ததைப் படிப்படியாகச் சொல்ல இயன்றபின் ஆணைத்தொடர் எழுதுவது அவர்களுக்கு எளிதாகும்.