டிவியைக் கண்டு பயந்த தேசம்

1967 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், உலகிலேயே முதல்முறையாக ஒரு மனிதரின் இதயத்தை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தினார் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட். ஒரே நாளில் உலகப் புகழ். வெளிநாடுகளில் மக்கள் டிவியில் அவர் முகத்தைப் பார்த்தார்கள். சொந்த நாட்டுக்காரர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே டிவியே கிடையாது!

தங்கமும் வைரமும் வெட்டி எடுக்கும் நாடு. காசுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், 1960-லேயே டிவி வந்துவிட்டது. இங்கே வராததற்கு ஒரே காரணம், அரசு விடவில்லை.

அப்போது தகவல் தொடர்பு இலாகா ஆல்பர்ட் ஹெர்ட்ஸாக் என்ற அமைச்சரின் கையில் இருந்தது. டிவி என்பது பெற்றோரால் கட்டுப்படுத்த முடியாத குட்டி பயாஸ்கோப் என்பது அவர் கட்சி. (நம் தாத்தா பாட்டிகளைப் போலவே அங்கேயும் சினிமாவுக்கு பயாஸ்கோப் என்றுதான் பெயர்.) கேட்பதற்கு நியாயமான கவலை போலத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்த பயம் வேறு. வெள்ளையரும் கறுப்பரும் சமமாகப் பழகும் காட்சிகள் வீட்டுக்குள் வந்துவிடும். வெளிநாட்டு விளம்பரங்களைப் பார்த்தால் கறுப்பின மக்களுக்குத் தங்கள் நிலைமை மீது வெறுப்பு வரும். ஆங்கில நிகழ்ச்சிகள் வந்து குவிந்தால், ஆளும் வெள்ளையர்களின் தாய்மொழியான ஆப்பிரிகான்ஸ் அமுங்கிவிடும்.

1969-ல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். தென்னாப்பிரிக்கர்கள் அதை ரேடியோவில் கேட்டார்கள். பிறகு அந்தக் காட்சியைத் திரையிட்டபோது ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்தில் கூட்டம் முண்டியடித்தது. இவ்வளவு பெரிய நாட்டில் இது என்ன கூத்து என்று வெள்ளையர்களே முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அரசு ஒரு குழுவைப் போட்டது. டிவி வரட்டும், ஆனால் நம் கட்டுப்பாட்டில் இருக்கட்டும் என்று முடிவானது.

1976 ஜனவரி 5-ம் தேதி ஒளிபரப்பு தொடங்கியது. ஒரே ஒரு சேனல். மாலை நேரத்தில் பாதி ஆங்கிலம், பாதி ஆப்பிரிகான்ஸ். பெரும்பான்மை மக்கள் பேசிய ஜூலு, சோசா, சோத்தோ எதற்கும் இடமில்லை. 1860-லிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைக்கப் போன நம்மவர்களின் தமிழுக்கும் இல்லை.

ஐந்தே மாதத்தில், ஜூன் 16 அன்று, சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். பாடங்களை ஆப்பிரிகான்ஸில் படிக்க மாட்டோம் என்பதுதான் கோரிக்கை. போலீஸ் சுட்டது. எந்த மொழியைக் காப்பாற்ற டிவியை அத்தனை ஆண்டுகள் தடுத்தார்களோ, அதே மொழியைத் திணித்ததற்குப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்தார்கள்.

ஆப்பிரிக்க மொழிகளுக்கு டிவியில் இடம் கிடைக்க 1982 ஆனது. அதுவும் தனிச் சேனல்களில். பள்ளி தனி, பேருந்து தனி, கடற்கரை தனி என்றிருந்த ஊரில் டிவியும் தனி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இனவெறிக்கு எதிர்ப்பாக பிரிட்டிஷ் நடிகர் சங்கம், தன் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளை அங்கே விற்கத் தடை போட்டது. அந்த இடத்தை நிரப்ப அமெரிக்கத் தொடர்கள் வந்தன. எண்பதுகளில் 'தி காஸ்பி ஷோ' சக்கைப்போடு போட்டது. அப்பா டாக்டர், அம்மா வக்கீல் என்று வசதியாக வாழும் கறுப்பினக் குடும்பத்தின் கதை. தங்கள் தெருவில் கறுப்பர் குடியிருக்கச் சட்டம் அனுமதிக்காத வெள்ளையர்கள், வரவேற்பறையில் உட்கார்ந்து அதைச் சிரித்துச் சிரித்துப் பார்த்தார்கள். ஹெர்ட்ஸாக் பயந்தது வீண்போகவில்லை!

1990 பிப்ரவரி 11. 27 ஆண்டு சிறைவாசத்துக்குப் பிறகு நெல்சன் மண்டேலா விடுதலை. சிறையில் இருப்பவரின் படத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் இருந்ததால், ஒரு தலைமுறைக்கே அவர் இப்போது எப்படி இருப்பார் என்று தெரியாது. நேரடி ஒளிபரப்பு என்று அறிவித்தாயிற்று. மதியம் மூன்று மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை. கேமரா சிறை வாசலையே காட்டிக்கொண்டிருந்தது. நேரடி வர்ணனையாளர் எதையாவது பேசிச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, மனைவி வின்னியின் கையைப் பிடித்தபடி, தலை நரைத்த ஒரு பெரியவர் நடந்து வந்தார்.