புரோக்கர் சார், நீங்க யார் பக்கம்?

வீடு வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள்!

வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் புரோக்கரைப் பாருங்கள். கூட வருகிற ஆள் யாருக்காக வருகிறார் என்று தெரியாமல் படியேறினால் லட்சக்கணக்கில் கையைக் கடிக்கும்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் குரோம்பேட்டையில் அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்க்கப் போனேன். டீக்கடையில் அறிமுகமான புரோக்கர் கூட்டிப் போனார். "58 லட்சம் சார். ஒரு பைசா குறையாது. இன்னிக்கே டோக்கன் போடலேன்னா நாளைக்கு வேற பார்ட்டி தட்டிட்டுப் போயிடும்" என்றார். நானும் செக் புத்தகத்தோடு போனவன்தான்.

நடுவில் அவருக்குப் போன் வந்தது. மாடிப்படிப் பக்கம் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, 54 லட்சத்துக்குக் கீழே மட்டும் கேட்டுடாதீங்க. பேங்க் கடன் இருக்கு."

54 எங்கே, 58 எங்கே! நடுவில் இருக்கிற 4 லட்சம் யார் பைக்கு? இது போக என்னிடம் 2 சதவிகிதம், அந்த அம்மாவிடம் 2 சதவிகிதம் கமிஷன் வேறு!

செக் புத்தகத்தை எடுக்கவே இல்லை. கீழே இறங்கி வந்துவிட்டேன்.

யாருடைய ஆள்?

சென்னையில் வழக்கம் இதுதான். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஆளுக்கு 1 அல்லது 2 சதவிகிதம் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் கூலி வாங்குகிறவர் உங்களுக்காக எப்படி அடித்துப் பேசுவார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 லட்ச ரூபாய் வீட்டை 58-க்குப் பேசி முடித்தால் உங்களுக்கு 2 லட்சம் மிச்சம். 2 சதவிகிதக்காரருக்கோ உங்கள் பக்கம் 4 ஆயிரம் நஷ்டம், விற்கிறவர் பக்கமும் 4 ஆயிரம் நஷ்டம். தன் கூலியைத் தானே குறைத்துக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்து?

பத்து புரோக்கர்களிடம் சொல்லி வைக்கலாமே என்பார்கள். அதையும் செய்து பார்த்தேன். ஒரே வீட்டை மூன்று பேர் மூன்று விலைக்குக் காட்டினார்கள்! அப்புறம் "பார்ட்டியை முதல்ல கூட்டிட்டு வந்தது நான்தான்" என்று தெருவில் சண்டை. இரண்டு பேருக்கும் கமிஷன் அழுதவர்கள் உண்டு.

ஒரே ஆளைப் பிடியுங்கள் என்பதுதான் என் கட்சி. அவர் உங்கள் ஆளாக மட்டும் இருக்கட்டும். சதவிகிதம் வேண்டாம். மொத்தமாக ஒரு தொகை பேசுங்கள். விற்கிறவரிடம் எதுவும் வாங்கமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாதிப் பணம் அக்ரிமெண்டு அன்று. மீதி பத்திரம் பதிவான அன்று. இரண்டும் செக்காக. விலையை மட்டும் வீட்டுக்காரர் வாயாலேயே கேளுங்கள்.

"தாள் எல்லாம் எதுக்கு? நம்பிக்கை இல்லையா சார்?" என்று முகம் சுளிக்கிறாரா? கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ வீடோ விற்றுக் கொடுக்கிற ஏஜெண்டு தானும் பதிவு செய்திருக்க வேண்டும். நம்பரைக் கேட்டு, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவில்லாமல் தொழில் செய்தால் நாள் ஒன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம்!

ஆனால் ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருவருக்கு முடித்துக் கொடுக்கிறவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மாதச் சம்பளக்காரர்களில் பல பேர் வாங்குவது அந்த மாதிரி வீடுதானே! அங்கே அந்தத் தாள்தான் உங்களுக்குக் காவல்.

இன்னொன்று. புரோக்கர் நீட்டுகிற வில்லங்கச் சான்றிதழ் ஜெராக்சை வைத்து முடிவு செய்யாதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். மூலப் பத்திரத்தைப் படிக்கிற வக்கீலும் நீங்கள் பிடித்த வக்கீலாக இருக்கட்டும்.

எல்லா புரோக்கரும் மோசம் என்று சொல்ல வரவில்லை. வேகாத வெயிலில் அலைகிறார்கள். பத்து வீடு காட்டினால் ஒன்று முடிவதே பெரிய பாடு. நல்ல புரோக்கருக்குத் தெரிந்த விஷயம் எந்தப் பத்திரத்திலும் இருக்காது.

குரோம்பேட்டை அனுபவத்துக்குப் பிறகு ஒரு பெரியவரைப் பிடித்தேன். 75 ஆயிரம் பேசினோம். யோசித்துத்தான் தாளில் கையெழுத்துப் போட்டார். மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீட்டைக் காட்டினார். என் வீட்டுக்காரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பூஜை அலமாரி எங்கே என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது!

கிளம்பும்போது பெரியவர் மீட்டர் பெட்டியைக் காட்டினார். சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. "சார், 2015 வெள்ளத்துக்கு அப்புறம் மாத்தினது. பெயிண்டும் புதுசு. பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றார்.

கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

வேறு வீடு அமைய இன்னும் நாலு மாதம் ஆனது. அதுவரை அந்தப் பெரியவருக்கு ஒரு ரூபாய் வரவில்லை. பத்திரம் பதிவான அன்று, சார்பதிவாளர் ஆபீஸ் வாசலிலேயே பாக்கிச் செக்கைக் கொடுத்தேன்.