பானிப்பட்டும் பாரசீகமும்

சென்ற மாதம் ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவை அழைத்துக்கொண்டு பர்வதி மலைக்குச் சென்றிருந்தோம். நூற்றுச் சொச்சம் படிகளையும் நின்று நின்று ஏறிய அவர், பேஷ்வா நானாசாகேப் அங்கேதான் காலமானார் என்று நாம் சொன்னதும், "என்ன நோயோ?" என்று வினவினார். அவருக்கு அளித்த விடையே இம்மாதம் நம் பத்தியாக நீண்டுவிட்டது.

அந்த நோய்க்குப் பெயர் பானிப்பட்டு.

1760 மார்ச்சு மாதம், பேஷ்வாவின் சிற்றப்பா மகனான சதாசிவராவ் பாவுவின் தலைமையில், ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலியை எதிர்க்க ஒரு பெரும்படை வடக்கு நோக்கிப் புறப்பட்டது. பேஷ்வாவின் மூத்த மகன், இருபது வயதும் நிரம்பாத விசுவாசராவும் உடன் சென்றார். வீரர் மட்டுமா சென்றனர்? அவர்தம் மனைவியரும், வணிகரும், வடநாட்டுத் தலங்களைத் தரிசிக்க இதுவே தக்க துணை என்று கருதிய யாத்திரிகரும் சேர்ந்துகொண்டனர். இன்று புனேயில் மாலை ஜீலம் எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர் மறுநாள் இரவு பானிப்பட்டைக் கடந்துவிடுகிறார். அந்தப் படை தில்லியை எட்டவே ஆகஸ்டு ஆயிற்று.

கூட்ஸ் ஆபீசில் சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய நமக்கு, இப்போரைப் படிக்கும்போது பீரங்கிகளைக் காட்டிலும் தானிய மூட்டைகளே கண்ணிற் படுகின்றன. தில்லியில் பணம் இல்லை. திவானி காஸ் மண்டபத்தின் வெள்ளி விதானத்தைப் பெயர்த்து உருக்கிச் சம்பளம் கொடுத்தனர். அக்டோபரில் குஞ்சுபுராக் கோட்டையைப் பிடித்தபோது தானியம் கிடைத்தது. ஆனால், அவர்கள் அங்கே வடக்கில் இருக்கையிலேயே அப்தாலி பாக்பத் அருகே யமுனையைக் கடந்து, அவர்களுக்கும் தில்லிக்கும் நடுவே வந்து நின்றுவிட்டார். வந்த வழி அடைபட்டது. இரண்டு மாதங்களுக்கு மேல் இரு படைகளும் பானிப்பட்டில் எதிரெதிரே கிடந்தன. அப்தாலியின் உணவு வழியைக் குலைத்துவந்த கோவிந்தபந்த் புந்தேலே டிசம்பரில் கொல்லப்பட்டார். பாளையத்தில் குதிரைகளும் எருதுகளும் பட்டினியால் மடிந்தன. இனிப் பொறுப்பதற்கில்லை என்று 1761 ஜனவரி 14 அன்று, இக்காலத்தில் நம் வீடுகளில் பொங்கற்பானை ஏறும் அதே தேதியில், பசித்த படை போருக்கு எழுந்தது. மாலைக்குள் விசுவாசராவும் இல்லை, பாவுவும் இல்லை.

இதைப் படிக்கும்தோறும் ரோமானியச் சக்கரவர்த்தி ஜூலியன் நமக்கு நினைவுக்கு வருகிறார். 362ஆம் ஆண்டில் அவருக்குப் பரிசுகளோடு தூதர் அனுப்பியவர்களுள் இந்தியரும் 'செரென்திவி' நாட்டினரும் இருந்தனர் என்று, அவர் படையிலேயே பணிபுரிந்த அம்மியானுஸ் எழுதி வைத்திருக்கிறார். செரென்திவி என்பது இலங்கையே என்பர். அந்நூற்றாண்டின் ரோமானியச் செப்புக் காசுகள் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் கிடைத்திருப்பதை நோக்கினால், இது வியப்பன்று.

மறு ஆண்டு மார்ச்சில் ஜூலியன் பாரசீகத்தின்மீது படையெடுத்தார். யூப்ரட்டீஸ் நதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்கள் உணவு சுமந்து உடன் வந்தன. தலைநகராகிய தெசிபோனின் வாயில்வரை வெற்றியே. ஆனால் கோட்டையை முற்றுகையிட இயலவில்லை. கப்பல்களை நீரோட்டத்தை எதிர்த்து இழுக்கச் சுமார் 20,000 ஆட்கள் தேவைப்பட்டனர். விட்டுச்சென்றால் பகைவர் கைக்குப் போய்விடும். ஆகவே பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொளுத்தச் சொன்னார்! பாரசீகரோ வழியெங்கும் விளைந்த பயிரையும் புல்லையும் எரித்தனர். ஜூன் 26 அன்று கவசமின்றி ஓடிச் சென்ற சக்கரவர்த்தி ஈட்டி பாய்ந்து, அன்றிரவே இறந்தார்.

அவருக்குப்பின் வந்த ஜோவியன், பட்டினிப் படையை மீட்டுக்கொண்டு செல்ல, நிசிபிஸ் என்னும் எல்லை நகரைப் பாரசீக அரசர் சாபூருக்குக் கொடுத்தார். நகரத்தைக் கொடுத்தார், மக்களை வெளியேறச் சொன்னார். பொதிமாடு கிடைக்காமல், விலையுயர்ந்த தட்டுமுட்டுகளைக்கூட வீட்டிலேயே போட்டுவிட்டு அவர்கள் அழுதுகொண்டு போனதை அம்மியானுஸ் வருணிக்கிறார். வீட்டை இரண்டு டிரங்குப் பெட்டிகளில் அடக்கிக்கொண்டு இந்நகருக்கு வந்து இறங்கிய நம் குடும்பங்களுக்கு, அவ்வரிகளில் விளங்காதது ஒன்றுமில்லை.

புனேயின் கதைக்கு வருவோம். உதவிக்கென வடக்கே வந்துகொண்டிருந்த நானாசாகேப்புக்கு வழியிலேயே செய்தி எட்டியது. முத்துகள் கரைந்தன, மொகராக்கள் தொலைந்தன என்று வணிகர் மொழியில் மறைத்து எழுதிய கடிதம் அது. மகனையும் தம்பியையும் இழந்தவர் திரும்பி வந்து, ஜூன் மாதம் பர்வதியில் கண்மூடினார்.

பெரியப்பா சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "பாவுவின் சம்சாரம்?" என்றார். அம்மலையின் பெயரையே தாங்கிய பார்வதிபாய், கணவரோடு பானிப்பட்டுக்குச் சென்றவர், உயிரோடு மீண்டார். கணவர் இறந்தார் என்பதை அவர் நம்பவில்லை. நானே பாவு என்று சொல்லிக்கொண்டு ஒரு போலி மனிதன் தோன்றி, 1776இல் மரண தண்டனை பெற்றான். பார்வதிபாயோ 1783இல் இறக்கும்வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், கைம்மைக் கோலம் பூணவேயில்லை.