கத்தரிக்காயின் தொப்பி

கத்தரிக்காய் நறுக்கும்போது காம்போடு ஒட்டியிருக்கும் பச்சைத் தொப்பியைக் கிள்ளி எறிகிறோமே, சகோதரிகளே, அதைச் சொல்ல இங்கிலீஷில் அபூர்வமான வார்த்தை ஒன்று இருக்கிறது. அக்ரெஸன்ட். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்ற எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருக்கும் என் அண்ணன் மகள் பன்னிரண்டாவது வரை தமிழிலேயே படித்தவள். காலேஜில் தாவரவியல் எடுத்தாள். அங்கே எல்லாம் இங்கிலீஷ். லீவுக்கு ராஜபாளையம் வந்தவள், "பாடம் புரியுது அத்தை, பேருதான் வாய்ல நுழையல. நின்னுட்டு தையல் கிளாஸ் போறேன்" என்று கண்ணைக் கசக்கினாள். தையல் நல்ல தொழில்தான். ஆனால் பயந்துபோய்ப் போக வேண்டுமா? அண்ணனோ, "நிக்கட்டுமே, வரன் வருது" என்கிற கட்சி.

எந்தப் பேர் என்று கேட்டதற்கு இந்த அக்ரெஸன்டைத்தான் காட்டினாள். பையனின் டிக்‌ஷனரியை எடுத்து இருவரும் உட்கார்ந்தோம். லத்தீன் பாஷையில் 'கிரெஸ்கெரே' என்றால் வளர்வது. முன்னால் 'அட்' என்ற துணுக்கு ஒட்டி, சேர்ந்து வளர்வது என்றாகிறது. வளர்பிறைக்குக் கிரெஸன்ட் என்று பெயர் வந்ததும் அதே வேரிலிருந்துதான். வீடு கட்டப் போடுகிறோமே கான்கிரீட், அதுவும் அந்தக் குடும்பமாம்! ஒன்றாக வளர்ந்து இறுகியது என்று பொருள். இதைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பூவின் அடியில் பச்சையாக இருப்பதைப் புல்லி வட்டம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மொட்டுக்கு அதுதான் போர்வை. வெண்டைப் பூவில் அது பூவோடு உதிர்ந்துவிடும். மாதுளையில் உதிராமல் கிரீடம் போல நிற்கும். கத்தரியிலோ உதிராததோடு, காய் பருக்கப் பருக்கத் தானும் பெரிதாகும். அதுதான் அக்ரெஸன்ட். வளருகிற பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது கீழே இரண்டு டக் பிடித்து, உயரம் கூடக்கூடப் பிரித்துவிடுவோமே, அந்த மாதிரி.

இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டுமானால், வேலியோரம் முளைக்கும் சொடக்குத் தக்காளியைப் பாருங்கள். நெற்றியில் 'பட்' என்று உடைத்து விளையாடுவோமே, அந்தப் பலூன் கூடு முழுக்கப் புல்லி வட்டம்தான்! பூவில் இத்தனூண்டு இருந்தது, பழத்தை மூடிக்கொண்டு அப்படி ஊதிவிடுகிறது. தேக்கங்காயின் மேல் காகிதம் போலிருக்கும் உறையும் அதேதான்.

ஊருக்குத் திரும்பிய ஒரு வாரத்தில் போன் செய்தாள். ஆண்டாள் நந்தவனத்துக்குப் போனபோது, துளசிக் கதிரில் காய்ந்த பூ ஒன்று பாவாடையில் ஒட்டிக்கொண்டு வந்ததாம். வீட்டில் அதை உள்ளங்கையில் வைத்துப் பிரித்தால், சின்னக் கிண்ணம் போன்ற உறைக்குள் நாலே நாலு விதை.

"அத்தை, பூவுல இருந்ததைவிட கிண்ணம் பெருசா இருக்கு. இதுவும் அக்ரெஸன்ட்தான், புத்தகத்துல பார்த்துட்டேன்!"

வார்த்தையைத் தடுக்காமல் சொன்னாள். எங்கள் வாத்தியார் கூட அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அண்ணன் வரன் பேச்சை இன்னும் விடவில்லை. ஆனால் அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டியாயிற்று.