படைவீட்டு ஒப்பந்தமும் நிரலின் எல்லையும்

ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேடு (படைவீடு) சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர். விஜயநகர ஆட்சியில் அதன் பெயரால் ஓர் இராச்சியமே வழங்கியது. 1425 வாக்கில், இரண்டாம் தேவராயர் காலத்தில், அந்தப் படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள் கூடி ஒரு வழக்கத்தை மாற்றினார்கள். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுக்கக் கூடாது, பொன் கொடுத்துப் பெண் எடுக்கவும் கூடாது. திருமணம் கன்னிகாதானமாகவே நடக்க வேண்டும். விரிஞ்சிபுரம் கோயிலில் இது கல்வெட்டாக நிற்கிறது.

அந்தக் கல்வெட்டு எதையும் ஊகத்துக்கு விடவில்லை. எந்த இராச்சியத்தில் செல்லும், கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாடர் என யார் யாரைக் கட்டும், எந்த நாள் முதல், மீறினால் என்ன தண்டனை என்பதெல்லாம் அதில் உண்டு. மாற்றம் எதுவரை செல்லும் என்பதை ஒப்பந்தம் சொன்னது. எதுவரை நிலைக்கும் என்பதைக் கல் பார்த்துக்கொண்டது. இந்த இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இவற்றை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

முதலில் எல்லை. பாஷ் ஷெல்லில் ஒரு கோப்பின் வரிகளை எண்ண, கேட் கட்டளையின் வெளியீட்டைப் பைப் வழியாக வைல் லூப்புக்கு அனுப்பி, வரிக்கு ஒன்றாக ஒரு மாறியைக் கூட்டுங்கள். லூப்புக்குள் அச்சிட்டால் எண் ஏறுகிறது. வெளியே வந்து அச்சிட்டால் பழையபடி 0. பைப்பின் வலப்பக்கம் வழக்கமாகத் துணை ஷெல்லில் ஓடுகிறது. அதன் கையில் இருப்பது மாறியின் நகல் மட்டுமே. எக்ஸ்போர்ட் செய்தாலும் மதிப்பு கீழே இறங்குமே தவிர மேலே ஏறாது. கோப்பை நேரடியாக லூப்புக்குக் கொடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். எதிர்த்திசைப் பிழையும் உண்டு: ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்று அறிவிக்காத மாறி வெளியே கசிந்து, அதே பெயருள்ள இன்னொன்றை அழித்துவிடும். பிளாக்குக்குள் அறிவித்த பெயர் அந்தப் பிளாக்கோடு நிற்கும் என்று அல்கால் 60 வகுத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த நிலை.

லினக்ஸில் சிஸ்சிடிஎல் கொண்டு கர்னல் அமைப்பொன்றை மாற்றினால் இயந்திரம் முழுவதும் உடனே கீழ்ப்படிகிறது. எல்லை அவ்வளவு பரந்தது, ஆயுளோ ரீஸ்டார்ட் வரைதான். அமைப்புக் கோப்பில் எழுதினால்தான் மறுநாளும் இருக்கும்.

எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். முதலாம் இராசராசன் திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டச் சொன்னபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். இராசேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அமைப்பைச் சேமிக்கும் ஸ்கிரிப்டும் புதியதைத் தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி, டிஸ்க்கில் சேர்ந்ததை உறுதிசெய்து, அதன் பிறகே பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். யூனிக்ஸில் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் இந்தப் பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடப்பதால், படிக்க வருபவருக்குப் பழையது கிடைக்கும் அல்லது புதியது கிடைக்கும், அரைகுறை கிடைக்காது. பழைய கோப்பைத் திறந்து அதன் மேலேயே எழுதும் ஸ்கிரிப்டை நான் ஏற்க மாட்டேன். நடுவில் மின்சாரம் போனால் இரண்டுமே போய்விடும்.