மின்சாரக் கார் வாங்கலாமா? இரவில் அதை எங்கே நிறுத்துவீர்கள்?

எங்கள் வீட்டில் சில வாரங்களாக ஒரே விவாதம். அண்ணனுக்கு பிரிக்பீல்ட்ஸில் வேலை கிடைத்திருக்கிறது. நாங்கள் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில், நான்காவது மாடியில் இருக்கிறோம். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு அண்ணன் கார் வாங்கப் போகிறார். "இனி மின்சாரக் கார்தான்" என்கிறார் அவர். "மைவிக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்கிறார் அப்பா. யார் சொல்வது சரி என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய்வர சுமார் 70 கிலோமீட்டர். வேலை நாட்களை மட்டும் சேர்த்தால் மாதத்திற்கு ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர்.

சிறிய பெட்ரோல் கார் ஒன்று 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 90 லிட்டர் ஆகும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டத்தின்படி ஒரு லிட்டர் 1.99 ரிங்கிட் என்றால், செலவு சுமார் 180 ரிங்கிட். 4 லிட்டர் குடிக்கும் ஹைப்ரிட் காருக்கு 120 ரிங்கிட் போதும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்கலத்தில் சேமித்துக்கொள்வதால், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில்தான் ஹைப்ரிட்டின் அருமை தெரியும்.

மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு சுமார் 15 யூனிட் மின்சாரம் எடுக்கும். மாதம் 225 யூனிட். வீட்டில் ஒரு யூனிட் சுமார் 45 சென் என்றால் 100 ரிங்கிட்டில் மாதம் முடிந்துவிடும். அண்ணன் பக்கம் வெற்றி!

ஆனால் நான்காவது மாடியிலிருந்து வாகன நிறுத்துமிடத்திற்கு வயர் இழுக்க முடியாதே? பொது இடத்தில் உள்ள விரைவு மின்னூட்டியைத்தான் நம்ப வேண்டும். அங்கே பல இடங்களில் ஒரு யூனிட்டுக்கு 1.20 ரிங்கிட்டோ அதற்கு மேலோ வாங்குகிறார்கள். அதே 225 யூனிட்டுக்கு 270 ரிங்கிட். பெட்ரோலைவிட 90 ரிங்கிட் அதிகம்! வரிசையில் காத்திருக்கும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

கார் ஒன்றுதான், பாதை ஒன்றுதான். தரை வீட்டில் இருப்பவருக்கு 100, மாடி வீட்டில் இருப்பவருக்கு 270. வசதி உள்ளவருக்கு மலிவு, வசதி குறைந்தவருக்குக் கூடுதல் செலவு என்றால், இந்த மாற்றம் யாருக்காக?

கார் விலை முன்புபோல் பெரிய தடையாக இல்லை. 2025-இல் அறிமுகமான புரோட்டோன் இ.மாஸ் 5 காரின் தொடக்க விலை 60,000 ரிங்கிட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் 2025-க்குள் 10,000 மின்னூட்ட இடங்கள் என்று அரசாங்கம் வைத்த இலக்கு எட்டப்படவில்லை. அடுக்குமாடிகளில் மின்னூட்டி பொருத்த நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பழைய கட்டடங்களில் மின்கம்பிகள் அந்தச் சுமையைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

"மின்சாரம் மட்டும் சுத்தமாகவா வருகிறது?" என்று அப்பா கேட்டார். நல்ல கேள்விதான். கிள்ளானுக்கு அருகே காப்பாரில் உள்ள மின் நிலையத்திலும் நிலக்கரி எரிகிறது. ஆனாலும் பெட்ரோல் இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டாரில் அந்த இழப்பு மிகக் குறைவு. நெரிசலில் நிற்கும்போது பின்னால் இருப்பவர் மூக்கில் புகையும் விடாது. மின் உற்பத்தி சுத்தமாக ஆக, காரும் சுத்தமாகும். பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

பெட்ரோல் மலிவாக இருப்பதும் உதவித் தொகையால்தான். ஒரு லிட்டர் 2.60 ரிங்கிட்டுக்கு விற்றால், அதே 90 லிட்டருக்கு 234 ரிங்கிட் ஆகிவிடும்.

ஆகவே, வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் உள்ளவர்கள் மின்சாரக் காரைத் தாராளமாக யோசிக்கலாம். மாடி வீட்டுக்காரர்களுக்கு இப்போதைக்கு ஹைப்ரிட்டோ சிக்கனமான பெட்ரோல் காரோதான் கட்டுப்படியாகும். ஹைப்ரிட்டின் விலை கூடுதல் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த நிலை மாற, மாடி வீடுகளின் வாகன நிறுத்துமிடங்களில் வீட்டுக் கட்டணத்திலேயே மின்னூட்டம் கிடைக்க வேண்டும். உங்கள் குடியிருப்பின் அடுத்த ஆண்டுக் கூட்டத்திற்குப் பெற்றோருடன் நீங்களும் போங்கள். மின்னூட்டி எப்போது வரும் என்று கேளுங்கள். அண்ணன் இப்போதைக்கு மைவிதான் வாங்கப் போகிறார். ஆனால் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கப் போவதும் அவர்தான்.