ஏரியை வாங்க வேணாம்... விட்டு வைங்க!

அமெரிக்காவுல போல்டர்னு ஒரு ஊர். 1967-ல அந்த ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டு, தங்களுக்குத் தாங்களே விற்பனை வரியை ஏத்திக்கிட்டாங்க. எதுக்கு? ஊரைச் சுத்தியிருந்த மலையடிவாரத்தை பிளாட் போடறதுக்கு முன்னாடி, ஊருக்காக விலைக்கு வாங்க!

நம்ம அம்பத்தூர், ஆவடி பக்கம் அந்தச் செலவே இல்லை பாஸ். ஏரின்னா நீர்நிலைப் புறம்போக்கு. ஏற்கெனவே அரசாங்க நிலம். காப்பாத்தினாலே போதும். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்தாச்சு. ஆவடி பருத்திப்பட்டு ஏரியில சுமார் 28 கோடி ரூபாய் செலவுல பசுமைப் பூங்கா அமைச்சு, 2019-ல திறந்தாங்க. கரையைச் சுத்தி ஜோரான நடைபாதை. சூப்பர்!

ஆனா, ஒரு இன்ஜினீயரிங் டவுட். அம்பத்தூர் ஏரி நிரம்பினா, உபரித் தண்ணி கொரட்டூர் ஏரிக்குப் போகணும். நடுவுல கால்வாய் அடைச்சுக்கிட்டா? சாக்கடை கலந்தா? கொரட்டூர் ஏரியில கலந்த கழிவுநீர் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சே! கரையில எத்தனை பெஞ்ச் போட்டாலும், வரத்துக் கால்வாய் செத்துட்டா ஏரி வெறும் தொட்டிதான்.

அடுத்த வாட்டி ஏரிப் பூங்காவுக்குப் போனா, தாராளமா போட்டோ எடுங்க. அப்படியே தண்ணி எந்தப் பக்கமா உள்ளே வருதுன்னும் தேடிப் பாருங்க. வழி அடைஞ்சிருந்தா, வார்டு கவுன்சிலரை உரிமையோட கேளுங்க. நிலமும் நம்மளது, செலவாகற வரிப்பணமும் நம்மளது!